வீட்டில் ஒலிப்பதிவுக் கூடம்: கணினியா, தனிக்கருவியா?

செங், பத்து பெரண்டாம், ஆயர் குரோ என மலாக்காவின் தாமான்களில் இன்று பல வீடுகளில் ஓர் அறை பாட்டுக்காக ஒதுக்கப்படுகிறது. சொந்தமாகப் பாடல் எழுதிப் பாடும் இளைஞர்கள், ஆலய பஜனைக் குழுவினர், உறுமி மேளக் குழுவினர், தேவாரப் போட்டிக்கு மாணவர்களைத் தயார் செய்யும் ஆசிரியர்கள் எனப் பலருக்கும் நல்ல ஒலிப்பதிவு தேவைப்படுகிறது. ஆனால் கடைக்குப் போவதற்கு முன்பே ஒரு கேள்வி எழுந்துவிடுகிறது. கணினியோடு இணைத்துப் பதிவு செய்யும் முறையில் இறங்குவதா, கணினியே இல்லாமல் தானாகப் பதிவு செய்யும் தனிக்கருவியை வாங்குவதா?

கேட்கும் ஆளைப் பொறுத்து பதிலும் மாறும். கணினியில் பாடல் தயாரிப்பவர் கணினிதான் சிறந்தது என்பார். மேடையிலும் ஆலயத்திலும் பதிவு செய்பவர் தனிக்கருவிதான் நம்பகமானது என்பார். இருவர் சொல்வதும் அவரவர் வேலைக்குச் சரியே. எந்தக் கருவி உயர்ந்தது என்று கேட்பதை விட்டு, எதை, எங்கே, எத்தனை பேரை ஒரே நேரத்தில் பதிவு செய்யப் போகிறோம் என்று கேட்டால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

இரண்டும் எப்படி வேலை செய்கின்றன?

கணினி முறையில் மூன்று பொருள்கள் சேர்ந்து இயங்குகின்றன. ஒலிவாங்கியிலிருந்து வரும் ஒலியை எண்களாக மாற்றும் ஆடியோ இண்டர்ஃபேஸ் என்ற சிறிய பெட்டி முதலாவது. அந்தப் பெட்டி யூஎஸ்பி கம்பி வழியாக இணையும் கணினி இரண்டாவது. பதிவு செய்து, வெட்டி ஒட்டி, கலவை செய்ய உதவும் மென்பொருள் மூன்றாவது. கியூபேஸ், புரோ டூல்ஸ், லாஜிக் புரோ, எஃப்எல் ஸ்டூடியோ, ரீப்பர் போன்றவை இவ்வகை மென்பொருள்கள். ஆப்பிள் கணினிகளில் கராஜ்பேண்ட் இலவசமாகவே கிடைக்கிறது. எளிய பதிவுக்கு ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளே போதும்.

தனிக்கருவியில் இவை அனைத்தும் ஒரே பெட்டிக்குள் அடங்கிவிடுகின்றன. ஒலிவாங்கியைச் செருகி, ஒலி அளவைச் சரிசெய்து, சிவப்புப் பொத்தானை அழுத்தினால் பதிவு தொடங்கிவிடும். பாடல் எஸ்டி அட்டையில் சேமிக்கப்படும். டாஸ்காம், ஜூம் போன்ற நிறுவனங்கள் இத்தகைய மல்டிடிராக் ரெக்கார்டர்களைத் தயாரிக்கின்றன.

இரண்டிலும் ஒலியை எண்ணாக மாற்றும் வேலை ஒன்றுதான். 24-பிட், 48,000 ஹெர்ட்ஸ் என்ற அளவு இன்று இரண்டு முறைகளிலும் சர்வசாதாரணம். ஆகவே கணினியில் பதிவு செய்தால்தான் தரம் வரும், தனிக்கருவி என்றால் தரம் குறையும் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது.

சமையலறை மேசையிலிருந்து கிராமி வரை

வீட்டில் பல டிராக்குகளில் பதிவு செய்யும் வசதியை எளிய மனிதர்களுக்குக் கொண்டுவந்ததே ஒரு தனிக்கருவிதான். 1979ஆம் ஆண்டு டியாக் நிறுவனம் போர்ட்டாஸ்டூடியோ 144 என்ற கருவியை வெளியிட்டது. சாதாரண கேசட்டிலேயே நான்கு டிராக்குகளைத் தனித்தனியாகப் பதிவு செய்யலாம் என்பது அதன் சிறப்பு. அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982 தொடக்கத்தில் தம் வீட்டிலேயே இந்தக் கருவியில் மாதிரிப் பாடல்களைப் பதிவு செய்தார். பின்னர் இசைக்குழுவோடு கூடத்தில் பாடியும் வீட்டுப் பதிவின் உணர்வு வரவில்லை. கடைசியில் அந்த கேசட் பதிவே நெப்ராஸ்கா என்ற இசைத்தொகுப்பாக வெளிவந்தது.

தமிழ்த் திரையிசையிலும் இதற்கு முன்னுதாரணம் உண்டு. ஏ.ஆர்.ரஹ்மான் 1989இல் சென்னை கோடம்பாக்கத்தில் தம் வீட்டுப் பின்புறத்தில் பஞ்சதன் ரெக்கார்ட் இன் என்ற ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்தார். 1992இல் ரோஜா படத்தின் வழியாக அவருடைய இசை உலகுக்கு அறிமுகமானது. தம் வசதிக்கேற்ப, நேரம் பார்க்காமல், திரும்பத் திரும்ப முயன்று பார்க்க ஒரு சொந்த இடம் இருந்தது அவருக்குப் பெரும் பலம்.

கணினி முறைக்கு அண்மைக்கால உதாரணம் பில்லி ஐலிஷ். 2019இல் வெளிவந்த அவருடைய முதல் முழு இசைத்தொகுப்பின் பெரும்பகுதி, லாஸ் ஏஞ்சலஸ் நகரில் பெற்றோர் வீட்டில் அண்ணன் ஃபினியாஸின் படுக்கையறையில் லாஜிக் புரோ மென்பொருளில் உருவானது. மறு ஆண்டு அது சிறந்த இசைத்தொகுப்புக்கான கிராமி விருதை வென்றது.

மலேசியாவிலும் 2006இல் வெளிவந்த யோகி பி குழுவினரின் வல்லவன் இசைத்தொகுப்பு தமிழ் ஹிப்ஹாப் இசைக்குத் தமிழ்நாடு வரை செவிகளைத் திறந்துவிட்டது. அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இன்று தங்கள் அறையிலேயே பாடல் செய்ய நினைப்பதில் வியப்பில்லை.

கணினி முறையின் பலமும் சிக்கலும்

கணினியின் பெரிய பலம் பதிவுக்குப் பிந்தைய வேலையில் தெரியும். பாடலின் ஒவ்வோர் அலையையும் திரையில் பார்த்து வெட்டலாம். தவறிய சொல்லை மட்டும் மாற்றிப் பாடி ஒட்டலாம். தபேலா, வயலின், தாளம் ஆகியவற்றை மென்பொருள் வழியாகவே சேர்க்கலாம். டிராக்குகளின் எண்ணிக்கைக்கு ஏறக்குறைய எல்லையே இல்லை. தனியாக ராப் பாடுபவருக்கும், பின்னணி இசையைத் தானே அமைப்பவருக்கும் இதைவிட ஏற்ற வழி இல்லை.

முதல் சிக்கல் தாமதம். ஒலிவாங்கியில் பாடிய குரல் கணினிக்குள் போய், திரும்பி ஹெட்ஃபோனுக்கு வரச் சிறிது நேரம் பிடிக்கும். மென்பொருளில் பஃபர் அளவு 1,024 என்று இருந்தால், 48,000 ஹெர்ட்ஸில் அந்த ஒரு படிக்கு மட்டும் 21 மில்லிவினாடிக்கு மேல் ஆகும். தன் குரலே எதிரொலி போலக் கேட்பதால் பாடகர் தாளம் தவறுவார். அதையே 128 ஆகக் குறைத்தால் தாமதம் 3 மில்லிவினாடிக்கும் கீழே வந்துவிடும். காற்றில் ஒலி ஒரு மீட்டர் தூரம் செல்லும் நேரம்தான் அது, காதுக்குத் தெரியாது. ஆனால் பஃபரைக் குறைத்தால் பழைய கணினிகள் திணறி, பதிவில் ‘டிக் டிக்’ என்ற வெடிப்பொலி விழும். பல இண்டர்ஃபேஸ்களில், கணினிக்குப் போகாமலேயே குரலை நேராக ஹெட்ஃபோனில் கேட்கும் வசதி இருக்கிறது. வாங்கும்போது அது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. விண்டோஸ் கணினி என்றால் அந்த இண்டர்ஃபேஸ் நிறுவனமே தரும் ஏசியோ டிரைவர் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது சிக்கல் கணினி ஒரு வேலைக்கு மட்டும் உரியதாக இருப்பதில்லை. பிள்ளையின் பள்ளி வேலை, அப்பாவின் கணக்கு, விளையாட்டு எல்லாம் அதே மடிக்கணினியில் நடக்கும். பாடிக்கொண்டிருக்கும்போது மென்பொருள் புதுப்பிப்பு தொடங்கும், அறிவிப்பு மணி அடிக்கும், உள்விசிறி இரையும். பதிவுக்கு முன் இணையத்தைத் துண்டித்து, மற்றச் செயலிகளை மூடி, கணினியை ஒலிவாங்கியிலிருந்து தள்ளி வைத்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம்.

தனிக்கருவியின் பலமும் சிக்கலும்

தனிக்கருவியின் பலம் அதன் எளிமை. எடுத்துச் செல்லலாம், வைத்த இடத்தில் பதிவு செய்யலாம். சிறிய கருவிகள் பல பேட்டரியில் இயங்கும். ஜூம் எல்-8 போன்ற மிக்சர் வகைக் கருவிகூட நான்கு ஏஏ பேட்டரியில் இயங்கக்கூடியது. மாசி மகத்தின்போது செங் சன்னாசிமலை ஆண்டவர் ஆலயத்தில் கூடும் கூட்டத்துக்கு நடுவே மடிக்கணினியும் கம்பிகளுமாக நிற்பது சிரமம். அங்கே ஒரு கையடக்க ரெக்கார்டர் நிதானமாக வேலை செய்யும். வயதான கலைஞர்களுக்கும் திரையைப் பார்த்துக் குழம்பாமல் பொத்தான்களைத் திருப்புவது எளிது.

திருத்தும் வேலையில்தான் தனிக்கருவி சிரமம் தரும். சிறிய திரையில் அலைகளைப் பார்த்து வெட்டுவது பொறுமையைச் சோதிக்கும். மென்பொருளைப் போலப் புதிய வாத்தியங்களை விருப்பம்போல் சேர்க்க முடியாது. ஒரு பகுதி கெட்டுப்போனால் கருவி முழுவதையும் பழுதுக்குக் கொடுக்க வேண்டியிருக்கும்.

பெட்டியின் மேல் எழுதிய எண்ணை நம்பலாமா?

தனிக்கருவி வாங்குவோர் அதிகம் ஏமாறுவது எண்களில்தான். டாஸ்காம் டிபி-008இஎக்ஸ் எட்டு டிராக் கருவி. ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு டிராக் மட்டுமே பதிவு செய்யும். டாஸ்காம் டிபி-24எஸ்டி 24 டிராக் கருவி; ஒரே நேரத்தில் எட்டு மட்டும். மீதி டிராக்குகள் பிறகு ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ப்பதற்கு. ஒருவரே பாடி, பிறகு அதன்மேல் வாத்தியம் சேர்ப்பவருக்கு இரண்டே போதும். ஹார்மோனியம், மிருதங்கம், தாளம், நான்கு குரல் எனச் சேர்ந்து பாடும் பஜனைக் குழுவுக்கு அது போதாது.

இண்டர்ஃபேஸுக்கும் இதே விதிதான். மென்பொருளில் நூறு டிராக் திறக்கலாம். ஆனால் பெட்டியில் இரண்டு ஒலிவாங்கித் துளைகள் இருந்தால் ஒரே நேரத்தில் இரண்டு ஒலிவாங்கிகள்தான். கண்டென்சர் ஒலிவாங்கி பயன்படுத்துபவர்கள், அதற்குத் தேவையான 48 வோல்ட் பேண்டம் பவர் எத்தனை துளைகளுக்குக் கிடைக்கும் என்பதையும் பார்க்க வேண்டும்.

யாருக்கு எது?

தனியாகப் பாடல் தயாரிக்கும் இளைஞரிடம் ஓரளவு வேகமான மடிக்கணினி ஏற்கெனவே இருந்தால், இரண்டு துளை இண்டர்ஃபேஸும் ஓர் ஒலிவாங்கியும் நல்ல தொடக்கம். தனிக்கருவிக்குச் செலவிடத் தேவையில்லை. ஆனால் இதற்காகவே புதிய கணினி வாங்க வேண்டியிருந்தால், அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துத்தான் இரண்டையும் ஒப்பிட வேண்டும்.

சேர்ந்து பாடும் பஜனைக் குழுவுக்கு எட்டுத் துளைகளாவது உள்ள, மிக்சரும் ரெக்கார்டரும் ஒன்றான கருவி பொருத்தம். ஜூம் எல்-12, டாஸ்காம் மாடல் 12 போன்றவை நிகழ்ச்சியில் மிக்சராகவும் பயன்படும். அதே நேரத்தில் ஒவ்வொருவரையும் தனி டிராக்கில் பதிவும் செய்யும். ஜூம் எல்-12இல் ஐந்து ஹெட்ஃபோன் இணைப்புகள் இருப்பதால் ஐவரும் தனித்தனியாகக் கேட்டுப் பாடலாம்.

உறுமி மேளத்துக்கும் தவிலுக்கும் வேறு கவனம் தேவை. அவற்றின் ஒலி திடீரென உச்சத்துக்குப் போகும். சோதனைக்கு மெதுவாக வாசித்து அளவு வைத்தால், உண்மையாக வாசிக்கும்போது பதிவு கிழிந்துவிடும். உச்ச வேகத்தில் வாசிக்கச் சொல்லி அளவு வைத்து, அதற்கு மேலும் கொஞ்சம் இடம் விட வேண்டும். 32-பிட் ஃப்ளோட் முறையில் பதிவு செய்யும் புதிய கையடக்க ரெக்கார்டர்கள் இந்தச் சிக்கலைப் பெரிதும் குறைத்துள்ளன. ஆனாலும் ஒலிவாங்கியே தாங்காத ஒலியை எந்தக் கருவியும் காப்பாற்றாது. உறுமியின் ஒரு முகம் வளைந்த குச்சியால் தேய்க்கப்படுவது, மறுமுகம் அடிக்கப்படுவது. இரண்டு முகத்துக்கும் ஒவ்வோர் ஒலிவாங்கி வைத்தால்தான் அதன் முனகல் முழுமையாகக் கிடைக்கும். ஷூர் எஸ்எம்57 போன்ற டைனமிக் ஒலிவாங்கிகள் இத்தகைய பலத்த ஒலியைத் தாங்கக்கூடியவை.

நான்காவதாக ஒரு தேவை உண்டு, அதுதான் அவசரமானது. தோட்டப்புறத்தில் வாழ்ந்த பாட்டிமார்களுக்குத் தெரிந்த தாலாட்டும் கும்மியும் ஒப்பாரியும் பெரும்பாலும் ஏட்டில் இல்லை. அவர்கள் நினைவில்தான் இருக்கின்றன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் தாமான்களுக்கு வந்த பிறகு அவற்றைப் பாடும் வாய்ப்பும் குறைந்துவிட்டது. ஒலிவாங்கிக் கம்பு, திரை, கம்பி என அலங்காரம் செய்து உட்காரவைத்தால் பாட்டிக்குக் கூச்சம் வந்துவிடும். இங்கே ஒரு சிறிய கையடக்க ரெக்கார்டரே சிறந்தது. அதுவும் இல்லையென்றால் கைத்தொலைபேசியையாவது பயன்படுத்தலாம். நல்ல கருவி வாங்கும்வரை காத்திருக்க வேண்டாம். கூடவே பாடியவர் பெயர், ஊர், தோட்டம், எந்தச் சமயத்தில் பாடும் பாட்டு என்பதையும் பதிவின் தொடக்கத்தில் சொல்லச் செய்தால், ஐம்பது ஆண்டு கழித்துக் கேட்கும் பேரப்பிள்ளைக்கும் அது விளங்கும்.

கருவிக்கு முன்னால் அறை

விலையுயர்ந்த ஒலிவாங்கி நல்ல ஒலியோடு கெட்ட ஒலியையும் தெளிவாகப் பிடித்துவிடும். சிமெண்டுச் சுவரும் பளிங்குத் தரையுமான அறையில் குரல் மோதித் திரும்பும். தகரக் கூரையின்மேல் மழை விழுந்தால் பதிவே முடியாது. மேல்விசிறி, குளிர்சாதனம், குளிர்பதனப் பெட்டி எல்லாம் மெல்லிய இரைச்சலாகப் பதிவில் சேரும்.

இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. வீட்டில் சன்னலும் சாலையும் அதிகம் படாத சிறிய அறையைத் தேர்ந்தெடுக்கலாம். தடித்த திரைச்சீலை, கம்பளம், மெத்தை, துணி நிறைந்த அலமாரி ஆகியவை எதிரொலியை உறிஞ்சும். பாடுபவரின் முதுகுப் பக்கம் ஒரு தடித்த போர்வையைத் தொங்கவிட்டாலே வித்தியாசம் தெரியும். முட்டைத் தட்டு ஒட்டினால் வெளிச்சத்தம் நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது வெளிச்சத்தத்தைத் தடுப்பதில்லை. வெளிச்சத்தத்துக்கு மருந்து நேரம்தான். வாகன ஓட்டம் அடங்கிய பின்னிரவு அல்லது விடியற்காலை, மழையில்லாத வேளை பார்த்துப் பதிவு செய்வது செலவில்லாத வழி.

மின்சாரமும் ஈரமும்

மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் ஓடுகிறது. பூமி இணைப்பு சரியில்லாத சாக்கெட், மலிவான சார்ஜர், விளக்கின் மங்கல் விசை ஆகியவற்றால் அந்த ‘ம்ம்ம்’ என்ற ரீங்காரம் பதிவில் நுழையும். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பார்த்தால் காரணம் சார்ஜரா இல்லையா என்று தெரிந்துவிடும். ஒலிவாங்கிக் கம்பியை மின்கம்பியோடு சேர்த்துக் கட்டக் கூடாது.

இடி மின்னல் அடிக்கடி வரும் நாடு இது. மழை கறுத்தால் பிளக்கைக் கழற்றிவிடுவதே பாதுகாப்பு. சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. கண்டென்சர் ஒலிவாங்கிக்கு ஈரப்பதம் பகை. வேலை முடிந்ததும் மூடியிட்ட டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு வைத்தால் நீண்ட நாள் உழைக்கும்.

பணத்தை எப்படிப் பிரிப்பது?

சேர்த்துவைத்த சம்பளத்தில் ஒரு கருவி வாங்குபவர் முழுப்பணத்தையும் ரெக்கார்டர் அல்லது இண்டர்ஃபேஸின்மேல் கொட்டிவிட்டு, ஒலிவாங்கிக்கும் ஹெட்ஃபோனுக்கும் பணமில்லாமல் நிற்பதுண்டு. இது தலைகீழ். ஒலிவாங்கி, அதன் தாங்கி, நல்ல கம்பி, காதை முழுதாக மூடும் ஹெட்ஃபோன் ஆகியவற்றுக்கு முதலில் ஒதுக்கி, மீதியில் பெட்டியைத் தேடுவது நல்லது. ஒலிவாங்கி பல ஆண்டு உழைக்கும். பெட்டியும் கணினியும்தான் சீக்கிரம் பழசாகும்.

பழைய கருவி வாங்குவோர் நேரில் சென்று, தங்கள் ஒலிவாங்கியையே எல்லாத் துளைகளிலும் செருகிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு குமிழையும் திருப்பும்போது கரகரப்பு வருகிறதா, பதிவு செய்த கோப்பு உண்மையிலேயே அட்டையில் இருக்கிறதா, கணினியில் திறக்கிறதா என்று சோதிக்க வேண்டும். இண்டர்ஃபேஸ் என்றால் இன்றைய விண்டோஸ் அல்லது மேக் பதிப்புக்கு அதன் டிரைவர் கிடைக்கிறதா என்பது முக்கியம். நல்ல நிலையில் இருந்தும் டிரைவர் இல்லாததால் வீணாகும் பெட்டிகள் உண்டு. தனிக்கருவிக்கு இந்தத் தொல்லை குறைவு. பத்து ஆண்டு கழித்தும் பொத்தானை அழுத்தினால் பதிவு செய்யும்.

இரண்டையும் இணைக்கும் நடுவழி

ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மற்றதை முற்றாகக் கைவிட வேண்டும் என்பதில்லை. ஜூம் ஆர்24, எல்-12, டாஸ்காம் மாடல் 12 போன்ற பல தனிக்கருவிகள் யூஎஸ்பி கம்பி போட்டால் கணினிக்கு இண்டர்ஃபேஸாகவும் மாறிவிடும். ஆலயத்தில் தனியாகப் பதிவு செய்து, வீட்டில் அட்டையைக் கழற்றிக் கணினியில் கலவை செய்யலாம். எந்த முறைக்குப் போவது என்று முடிவெடுக்க முடியாதவர்களுக்கு இதுவே பாதுகாப்பான முதல் படி. இதற்கு ஒரே நிபந்தனை: ஒவ்வொரு குரலும் வாத்தியமும் தனித்தனி டிராக்காக, சுருக்கப்படாத வேவ் கோப்பாகச் சேமிக்கப்பட வேண்டும். எம்பி3 ஆகவோ, எல்லாம் கலந்த ஒரே கோப்பாகவோ சேமித்தால் பிறகு பிரிப்பது கடினம்.

கோப்பின் அளவையும் முன்கூட்டியே கணக்கிடலாம். 24-பிட், 48,000 ஹெர்ட்ஸில் ஒரு டிராக் ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 8.6 மெகாபைட் எடுக்கும். எட்டு டிராக் ஒரு மணி நேரம் ஓடினால் 4 கிகாபைட்டுக்குச் சற்று அதிகம். 32 கிகாபைட் அட்டையில் அப்படி ஏழு மணி நேரம் வரை பதிவு செய்யலாம்.

பதிவு முடிந்த அன்றே இரண்டு பிரதி எடுத்துவிட வேண்டும். ஒன்று வெளி ஹார்டு டிஸ்கில், மற்றொன்று வேறு வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ இருக்கட்டும். பிரதி எடுக்காமல் அட்டையை அழித்து அடுத்த நிகழ்ச்சிக்குப் பயன்படுத்தியதால் காணாமற்போன பதிவுகளை எந்தக் கணினியும் மீட்டுத் தரும் என்று சொல்ல முடியாது. பாடல் தவறினால் மறுபடி பாடிக்கொள்ளலாம். ஆனால் எண்பது வயதுப் பாட்டி ஒரு மாலையில் நினைவுகூர்ந்த தாலாட்டு மறுபடி கிடைக்காமலே போகலாம். கணினியோ தனிக்கருவியோ, அந்தக் குரலைத் தவறவிடாமல் பிடித்து, பத்திரமாக வைக்க எது உதவுமோ அதுவே அந்த வீட்டுக்கு ஏற்ற கருவி.